ரப்பரைப் பையில் போடு: ஒன்பது, பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு விதிகள் போடுவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கணக்கு ஆசிரியராகப் புதிதாகப் பணியில் சேருகிறவர்கள் ஜூன் மாதத்தில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், இங்க பசங்க எப்படி, சொன்ன பேச்சு கேப்பாங்களா?" கேட்பார்கள். நன்றாகவே கேட்பார்கள். கரும்பலகையில் நீங்கள் எழுதுவதை ஒரு புள்ளி விடாமல் நோட்டில் இறக்கிவிட்டு, மணி அடித்ததும் எழுந்து "நன்றி ஐயா" சொல்லிவிட்டுப் போவார்கள், நாற்பது பேரில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அல்ஜீப்ரா வகுப்புக்கு விதி போடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். பிள்ளைக்குப் புரியாதது எங்கே இருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு விதியும் அதற்கு உதவ வேண்டும், உதவாத விதி எவ்வளவு பழையதாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

நான் பாலக்கோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கிறேன். முதல் வாரத்திலேயே சொல்லி, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டவைத்து, மார்ச் வரை நான் மாற்றாமல் நடத்துகிற விதிகளைக் காரணத்தோடு எழுதுகிறேன். உங்கள் பள்ளிக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் வேண்டாம்

வேலைக்கு வந்த இரண்டாவது வருடம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், நோட்டு அவ்வளவு சுத்தமாக இருக்கும், தலைப்புக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு, ஒவ்வொரு கணக்குக்கும் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 22 வாங்கினாள். எனக்கு நம்ப முடியவில்லை. நோட்டை வாங்கி ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எக்ஸ் பிளஸ் 3 ஹோல் ஸ்கொயர் வருகிற இடத்தில் எல்லாம் தாள் மெலிந்து போயிருந்தது, ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. ஒவ்வொரு முறையும் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 9 என்று எழுதியிருக்கிறாள், போர்டில் நான் விடை போட்டதும் அழித்துவிட்டு அதன்மேல் என் விடையை எழுதியிருக்கிறாள். மூன்று மாதம் நான் அந்த நோட்டில் பச்சை மையில் "நன்று" போட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய தப்பு முழுக்க ரப்பர் தூளாகக் கீழே விழுந்து, பெருக்குகிறபோது வெளியே போய்விட்டது.

அன்றிலிருந்து என் வகுப்பில் அல்ஜீப்ரா நடக்கும்போது ரப்பரும் ஒயிட்னரும் பைக்குள்தான். பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பு என்று தெரிந்தால் அந்த வரியின்மேல் ஒரே ஒரு கோடு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடிகிற மாதிரி, கிறுக்கி மறைக்கக் கூடாது. கீழே சரியான வரி. பக்கத்தில் ஓரத்தில் ஒரே வார்த்தையில் காரணம்: "குறி", "அடைப்பு", "வாய்ப்பாடு", "புரியல". அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதம் நோட்டை வாங்கி ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் போதும், இந்தப் பையனுக்குக் குறியில்தான் கோளாறு, அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பாடு மறந்துபோகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முன்பெல்லாம் எனக்கு அது அரையாண்டு வரை தெரியாது.

வரைபடத்துக்கும் வடிவியலுக்கும் இந்த விதி கிடையாது, அங்கே பென்சிலும் ரப்பரும் வேண்டும்.

இந்த விதி போட்டால் ஒரு தொல்லை வரும். நோட்டு அசிங்கமாக இருக்கும். அடித்து அடித்து எழுதிய நோட்டைப் பார்த்துப் பெற்றோர் கேட்பார்கள், பள்ளியைப் பார்வையிட வருகிறவர்களும் கேட்பார்கள். அதனால் தலைமை ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவைத்துவிடுங்கள், பிள்ளைகளிடமும் "அடிச்சது தெரியற நோட்டுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். சுத்தத்துக்கு என்று தனியாக மார்க் வைக்காதீர்கள். ஒரு தப்பு கூட அடிக்கப்படாத நோட்டு வந்தால் நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கணக்கு போடச் சொல்வேன். அதை நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் செய்வேன், அதனால் யாரும் தண்டனையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு வரிக்கு ஒரு வேலை

இரண்டாவது விதி, ஒரு வரியில் ஒரு வேலைதான் செய்ய வேண்டும். அடைப்பைப் பிரிப்பது ஒரு வரி, கூட்டுவது அடுத்த வரி, வகுப்பது அதற்கடுத்தது. சமக்குறி ஒன்றின்கீழ் ஒன்று வர வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குக்கு அகமதிப்பீடு என்று எதுவும் கிடையாது, 100 மதிப்பெண்ணும் அந்த மூன்று மணி நேரத்தில் எழுதுகிற தாளுக்குத்தான், அந்தத் தாளைத் திருத்துகிறவர் விடை தப்பானாலும் சரியாகப் போட்ட படிகளுக்கு மார்க் தருவார். மூன்று வேலையை ஒரே வரியில் செய்து தப்பு விட்டவனுக்கு எந்தப் படிக்கு மார்க் போடுவது? இதைப் பிள்ளைகளிடம் இப்படியே சொல்லலாம், உடனே புரிந்துகொள்வார்கள்.

இதோடு சேர்த்து நான் ஒரு பேச்சையே வகுப்பில் தடை செய்திருக்கிறேன். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்கிற பேச்சு. எட்டாம் வகுப்பிலிருந்து இதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு வருவார்கள். 3 எக்ஸ் = 12 என்று கொடுத்தால் 3 அந்தப் பக்கம் போகும், குறி மாறும், 12 − 3, விடை 9. இல்லாவிட்டால் −3 எக்ஸ் = 12 என்று கொடுத்தால் அந்தப் பக்கம் போனதும் மைனஸ் பிளஸ் ஆகிவிட்டது என்று 4 எழுதுவார்கள். எண் எங்கேயும் நடந்து போவதில்லை. இரண்டு பக்கத்தையும் எதால் வகுத்தாய், இரண்டு பக்கத்திலும் எதைக் கூட்டினாய் என்று வாயால் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முடிகிற வரைக்கும் இது கண்டிப்பு. பாலக்கோடு தக்காளி மண்டியில் தராசு பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஒரு தட்டில் இருந்து எடுத்தால் இன்னொரு தட்டிலும் எடுக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னால் போதும். செப்டம்பருக்கு மேல் காரணம் தெரிந்த பிள்ளை குறுக்குவழியைச் சொன்னால் விட்டுவிடுவேன்.

அதே மாதிரி இன்னொன்று, "மைனஸ் மைனஸ் பிளஸ்". பெருக்கலுக்குச் சொன்னதைக் கூட்டலுக்கும் போட்டு −3 − 5 = 8 என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை. இதற்கு நல்ல மருந்து கடன். பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிய நூலிலேயே நேர் எண்ணைச் சொத்து என்றும் எதிர் எண்ணைக் கடன் என்றும்தான் சொல்லி விதிகள் தந்தார், கடனும் கடனும் சேர்ந்தால் கடன், கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து. 1,400 வருடத்துக்கு முன்னால் சொன்ன அந்த உதாரணம் நம் ஊர் மளிகைக் கடைக் கணக்கு நோட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. கடையில் 3 ரூபாய் பாக்கி, இன்றைக்கு இன்னும் 5 ரூபாய்க்கு வாங்கினாய், இப்போது பாக்கி எவ்வளவு? ஒரு பிள்ளையும் 8 ரூபாய் கையில் இருக்கிறது என்று சொல்லாது.

சந்தேகம் வந்தால் எண் போட்டுப் பார்

பிள்ளைகள் "சார், இது சரியா?" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். நான் சரி என்றோ தப்பு என்றோ உடனே சொல்வதில்லை, அதுவும் ஒரு விதி. "2 போட்டுப் பாத்தியா?" என்று கேட்பேன். எக்ஸுக்கு 2 போட்டால் எக்ஸ் பிளஸ் 3 ஹோல் ஸ்கொயர் 25 ஆகிறது. எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 9 என்பது 13. இரண்டும் ஒன்றில்லை என்பதை அந்தப் பிள்ளையின் கையே அதற்குச் சொல்லிவிடுகிறது. விகிதமுறு கோவைகள் நடத்தும்போது இது இன்னும் உதவும். எக்ஸ் + 5 என்பதை 5ஆல் வகுக்கச் சொன்னால் மேலே ஒரு 5, கீழே ஒரு 5, இரண்டையும் அடித்துவிட்டு எக்ஸ் என்று எழுதுவார்கள். 10 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 15ஐ 5ஆல் வகுத்தால் 3, ஆனால் அவர்கள் எழுதிய விடைப்படி 10. கூட்டலில் இருப்பதை அடிக்கக் கூடாது, பெருக்கலில் இருப்பதைத்தான் அடிக்கலாம் என்று நாம் பத்துத் தடவை சொல்வதைவிட இந்த ஒரு தடவை மனதில் நிற்கும். 0, 1 இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள், அவற்றில் தப்பான விடையும் சில சமயம் சரி மாதிரி தெரியும்.

வாக்கியக் கணக்கு: வாலிலிருந்து படி

இதை நான் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்காக நாமே யோசித்துத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

"எக்ஸை 5லிருந்து கழிக்க" என்று கேள்வி. பாதி வகுப்பு எக்ஸ் − 5 என்று எழுதும். காதில் முதலில் விழுந்தது எக்ஸ், அதனால் கை முதலில் எக்ஸை எழுதுகிறது. "லிருந்து" என்கிற வேற்றுமை உருபு எந்த எண்ணோடு ஒட்டியிருக்கிறதோ அந்த எண்தான் முன்னால் வர வேண்டும். இதைத் தமிழ் ஆசிரியரிடம் சொல்லி அவர் வகுப்பிலும் ஒரு பத்து நிமிடம் எடுக்கச் சொன்னேன், ஐந்தாம் வேற்றுமை என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்திருந்தது கணக்கில் வந்து நிற்பதைப் பார்த்து அவர்களுக்கே ஆச்சரியம்.

அடுத்தது இதைவிடக் கஷ்டம். "இரு எண்களின் வர்க்கங்களின் கூடுதல்", "இரு எண்களின் கூடுதலின் வர்க்கம்". இரண்டும் ஒரே வார்த்தைகள், இடம்தான் மாறியிருக்கிறது. முதலாவது எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒய் ஸ்கொயர். இரண்டாவது எக்ஸ் பிளஸ் ஒய் ஹோல் ஸ்கொயர். இதற்கு நான் வகுப்பில் வைத்திருக்கிற விதி: கடைசி வார்த்தை எதுவோ அதுதான் கடைசியாகச் செய்கிற வேலை. "கூடுதல்" என்று முடிந்தால் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் கூட்டு. "வர்க்கம்" என்று முடிந்தால் கடைசியில் வர்க்கப்படுத்து, அதற்கு முன்னால் செய்தது முழுக்க அடைப்புக்குள் போகும். அதனால் வாக்கியக் கணக்கு வந்தால் முதலில் கடைசி வார்த்தையின் கீழ் கோடு போட வேண்டும், அப்புறம்தான் பேனா சமன்பாட்டுக்குப் போகலாம். கோடு போடாமல் எழுதிய கணக்கை நான் திருத்துவதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. அந்த மொழிகளிலும் வாக்கியம் இப்படியேதான் ஓடும், வினை கடைசியில்தான் வரும். பிள்ளையை வீட்டு மொழியில் அந்தக் கேள்வியைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், அதை விதியாகவே அனுமதித்துவிடுங்கள். வகுப்பில் தமிழ் தவிர வேறு பேசக் கூடாது என்று யாராவது விதி வைத்திருந்தால் கணக்கு பீரியடுக்கு மட்டுமாவது அதைத் தளர்த்துங்கள். ஆங்கில வழிப் பிரிவில் தமிழுக்கும் இதே சலுகை வேண்டும்.

வீட்டுப்பாடம்

ஐந்து கணக்கு. அதற்குமேல் தர மாட்டேன். அதில் இரண்டு அன்று வகுப்பில் செய்த மாதிரியே, இரண்டு போன வாரத்துப் பாடத்திலிருந்து, ஒன்று கொஞ்சம் யோசிக்கவைப்பது. முயற்சி செய்திருந்தால் முழு மதிப்பு, விடை சரியா தப்பா என்பது வீட்டுப்பாடத்தில் கணக்கில்லை. "புரியல" என்று எழுதி, எந்த வரி வரைக்கும் புரிந்தது என்று காட்டியிருந்தாலும் செய்ததாகவே எடுத்துக்கொள்வேன். வெறும் தாள் மட்டும் செல்லாது.

காப்பி அடிப்பதைப் பற்றி: பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், காலையில் பிரேயர் மணிக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஒரு நோட்டைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் அதைப் பிடிக்கப் போவதில்லை. வகுப்பில் யாரையாவது கூப்பிட்டு, அவன் நோட்டில் ஒரு வரியைத் தொட்டு, மேல் வரியிலிருந்து இது எப்படி வந்தது என்று கேட்பேன். சொல்லிவிட்டால் அவன் யாரிடம் கற்றுக்கொண்டான் என்பது எனக்குத் தேவையில்லை. சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்கு மதியம் அந்த ஒரு கணக்கை என்னோடு உட்கார்ந்து போட வேண்டும். போட்டோ எடுத்தால் விடை சொல்கிற ஆப்களுக்கும் இதே விதிதான். பள்ளிக்கு மொபைல் கொண்டுவரக் கூடாது, அதில் மாற்றமில்லை, ஆனால் வீட்டில் அப்பா போனில் பார்த்துவிட்டு வருவதை நம்மால் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. பார்த்தாயா, பரவாயில்லை, இந்த வரியைச் சொல். பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கூடக் கிடையாது என்பதை மட்டும் அடிக்கடி நினைவுபடுத்துங்கள்.

வாய்ப்பாடு தெரியாத பிள்ளை பத்தாம் வகுப்பிலும் இருக்கும். இருபதுவரை பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன், டிசம்பர் வரைக்கும் பார்த்துப் போடலாம். அரையாண்டு முடிந்ததும் கழற்றிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். காரணிப்படுத்தல் புரிகிற பிள்ளையை ஏழாம் வாய்ப்பாடு தெரியவில்லை என்பதற்காக நிறுத்திவைப்பது நியாயமில்லை.

டெஸ்ட்டும் மறு டெஸ்ட்டும்

வெள்ளிக்கிழமை 20 மார்க்குக்கு ஒரு டெஸ்ட். தாளைத் திங்கட்கிழமை திருப்பித் தந்துவிட வேண்டும், அது எனக்கான விதி, தராவிட்டால் அடுத்த டெஸ்ட் வைக்க எனக்கு உரிமையில்லை என்று பிள்ளைகளிடமே சொல்லியிருக்கிறேன். மார்க்கைச் சத்தமாகப் படிப்பது கிடையாது, தாளை மடித்துக் கையில் தருவேன். 12க்குக் கீழே வாங்கியவர்கள் கட்டாயமாகவும், மற்றவர்கள் விரும்பினாலும் மறு டெஸ்ட் எழுதலாம், எண்கள் மட்டும் மாறும், இரண்டில் எது அதிகமோ அது பதிவேட்டில் ஏறும். ஒரே ஒரு நிபந்தனை, பழைய தாளில் தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் எந்த வரியில் தப்பு, ஏன் என்று எழுதித் தந்துவிட்டுத்தான் மறு டெஸ்ட்டுக்கு உட்கார முடியும். இதை எழுதவைப்பதுதான் டெஸ்ட்டை விட முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

பத்தாம் வகுப்புக்கு வினாத்தாள் அமைப்பை ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் 14க்கு 10, ஐந்து மதிப்பெண்ணில் 14க்கு 10, எட்டு மதிப்பெண்ணில் இரண்டு. இரண்டு மதிப்பெண்ணில் 28ஆவது கேள்வியும் ஐந்தில் 42ஆவதும் கட்டாயக் கேள்விகள், அவற்றை விட்டுவிட்டு வேறு பத்து எழுதினால் ஒன்று வீணாகும். ஒரு மார்க்கில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும். எட்டு மதிப்பெண் இரண்டில் ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். வரைபடம் நம் அல்ஜீப்ரா பாடத்திலிருந்துதான் வருகிறது. பாஸ் மார்க் 35இல் இந்த 16 கையில் இருந்தால் பின்தங்கிய பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும்.

வரைபடத்தில் ஒரு விஷயம் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒய் = எக்ஸ்² + எக்ஸ் − 2. எக்ஸுக்கு −4 முதல் 3 வரை போட்டால் ஒய்க்கு 10, 4, 0, −2, −2, 0, 4, 10 என்று வரும். அட்டவணையைப் பார்த்தவுடனே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கி ஏறுவது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எங்கேயோ கணக்கு தப்பு என்று அர்த்தம், அதைக் கவனிக்கவைப்பது ஒரு விதி. எக்ஸ் அச்சை −2, 1 ஆகிய இடங்களில் வெட்டுகிறது, அவையே தீர்வு. அடியில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். −1இலும் 0இலும் ஒய் −2 தானே என்று இரண்டு புள்ளியையும் ஸ்கேல் வைத்து இணைத்துவிடுவார்கள், வளைவு தட்டை அடி வைத்த வாணலி மாதிரி ஆகிவிடும். எக்ஸுக்கு −½ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஒய் −2.25, வளைவு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கித்தான் திரும்புகிறது. அந்த ஒரு புள்ளியை வைத்துவிட்டுக் கையால் இழுத்தால் படம் தானாக அமையும். அளவுத்திட்டம் எழுதாத வரைபடத்தை என் வகுப்பில் யாரும் தருவதில்லை, தந்தால் பக்கத்துப் பிள்ளையே திருப்பிக் கொடுத்துவிடும்.

தாமதம், விடுப்பு

இதில் நான் முதல் வருடம் தப்பு செய்தேன். மணி அடித்த பிறகு வந்தால் பத்து நிமிடம் வெளியே நிற்க வேண்டும் என்று விதி வைத்தேன். மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து ஒரே ஒரு டவுன் பஸ்ஸில் வருகிற மூன்று பையன்கள் தினமும் நின்றார்கள், பஸ் தாமதமானதற்கு அவர்கள் அல்ஜீப்ராவை இழந்தார்கள். இப்போது தாமதமாக வருகிறவர்கள் கேட்காமல் உள்ளே வந்து உட்காரலாம், முதல் ஐந்து நிமிடம் நான் எப்போதும் பழைய பாடத்திலிருந்து இரண்டு கணக்குதான் போடுவேன், புதியதைத் தொடங்க மாட்டேன். தாமதத்துக்குப் பஸ் காரணம் இல்லை என்றால் பிறகு தனியாகப் பேசிக் கேட்டுக்கொள்வேன்.

விடுப்புக்கு இந்த மண்ணின் காலண்டர் தெரிந்திருக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசன் முடிந்திருக்காது, பெங்களூரா காய் ஜூலையிலும் இறங்கும், வீட்டில் பெரியவர்கள் தோப்புக்கோ மாம்பழக் கூழ் ஆலைக்கோ போய்விட்டால் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாம் வகுப்புப் பெண் நின்றுவிடுவாள். பிப்ரவரியில் புளி. உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கிற வேலைக்கு வீட்டில் எல்லாக் கையும் வேண்டும், திருப்புதல் தேர்வும் அப்போதுதான் நடக்கும். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் பாட்டியோடு இருக்கிற பிள்ளைகள் தனி. "ஏன் வரல?" என்று வகுப்பு முன்னால் கேட்கக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி.

செய்ய வேண்டியது என்னவென்றால், வகுப்பின் பின்சுவரில் ஆணியில் ஒரு பை தொங்கவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. ஜோடி வராத நாளில் அன்று நடந்ததை ஒரே ஒரு தாளில் எழுதி, பெயர் போட்டு அந்தப் பையில் போட வேண்டியது மற்றவர் பொறுப்பு. திரும்பி வந்த பிள்ளை முதலில் பைக்குத்தான் போகும். எழுதுகிற பிள்ளைக்கும் அதில் லாபம் இருக்கிறது, அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று தெரியும். எத்தனை நாள் வராமல் இருந்ததோ அத்தனை நாள் வீட்டுப்பாடத்துக்கு அவகாசம்.

ஒரு வாரம் தொடர்ந்து வரவில்லை என்றால் அது கணக்கு வாத்தியார் விஷயம் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லி வீட்டுக்குப் பேசுங்கள், போய்ப் பாருங்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம். இந்தப் பக்கம் வேலை செய்கிற நமக்கெல்லாம் தெரியும், பத்தாம் வகுப்பு நடுவிலேயே கல்யாணப் பேச்சு எடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணைக் கணக்கு வகுப்புச் சுவரிலும் எழுதிவையுங்கள், வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில். வாய்ப்பாட்டைக் கழற்றினாலும் அதைக் கழற்றாதீர்கள்.

அடி, திட்டு

கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது, முட்டி போடவைப்பதும் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதும் அதில் சேர்த்திதான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தப்பு விட்டால் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை தப்பை மறைக்கும், ரப்பரைப் பிடுங்கிவைத்து என்ன பயன்? வகுப்பில் யாராவது தப்பாகச் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பதும் எனக்கு அடிக்குச் சமம்தான். என் வகுப்பில் மிகக் கடுமையாக நடத்துகிற விதி அந்த ஒன்றுதான், சிரித்தவர் எழுந்து வந்து அந்தக் கணக்கை மேலே கொண்டுபோக வேண்டும்.

போர்டில் நான் தப்பு விட்டாலும் துடைப்பதில்லை, ஒரே கோடு, கீழே சரியான வரி, ஓரத்தில் காரணம். கண்டுபிடித்துச் சொன்ன பிள்ளையின் பெயரையும் அதன் பக்கத்தில் எழுதுவேன், மாலைவரை அது அங்கேயே இருக்கும்.

முதல் பக்கத் தாள்

இவ்வளவையும் அச்சடித்துக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுகிற தாளில் எட்டு வரிதான். நான் தருவது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

அழிக்க மாட்டேன், ஒரு கோடு போட்டு அடிப்பேன்.
ஒரு வரியில் ஒரு வேலை.
சந்தேகம் வந்தால் 2 போட்டுப் பார்ப்பேன்.
வாக்கியக் கணக்கில் கடைசி வார்த்தைக்குக் கோடு.
வீட்டுப்பாடம் ஐந்து, புரியாவிட்டால் எதுவரை புரிந்தது என்று எழுதுவேன்.
ஜோடி வராவிட்டால் நான் எழுதுவேன், நான் வராவிட்டால் பையைப் பார்ப்பேன்.
யார் தப்புக்கும் சிரிக்க மாட்டேன்.

எட்டாவது வரியை வெறுமையாக விட்டுவிடுவேன். வீட்டில் பெரியவர்களுக்குப் பிள்ளையே இதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும், கைநாட்டு என்றாலும் சரி, பாட்டி என்றாலும் சரி. ஜூலை கடைசியில் ஒரு பீரியட் ஒதுக்கி, எட்டாவது வரி என்னவாக இருக்க வேண்டும் என்று வகுப்பையே முடிவு செய்யச் சொல்வேன், அது என்னைக் கட்டுப்படுத்துகிற விதியாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிடுவேன். போன வருடம் பத்தாம் வகுப்பு அரை மணி நேரம் பேசி எழுதிய வரி: "சார் போர்டை அழிக்கறதுக்கு முன்னாடி எங்களைக் கேக்கணும்."